முற்றத்தில் என்ன பாவுவது: கல்லுக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம், கரிசல் மண், புது வீடு. முன்னால் 30க்கு 20 அடி முற்றம், அதில் ஒரு கார் நிற்கும். வாசல்படிக்கு நேரே கோலம் போட இடம் வேண்டும். பக்கவாட்டில் 4 அடி அகலத்தில் 30 அடி நீள முடுக்கு. புறவாசலில் 10க்கு 10 அடி, துணி துவைக்க. கடைக்காரர் பளபளவென்று மின்னும் கலர் பேவர் பிளாக் போடச் சொல்கிறார். கொத்தனார் எல்லா இடத்துக்கும் கான்கிரீட் போதும் என்கிறார். அப்பா கடப்பாக் கல்தான் நிற்கும் என்கிறார். மூன்றில் எது, எவ்வளவு பொருள் வாங்க வேண்டும் என்பது கேள்வி.

மூன்று பேர் சொல்வதும் ஒவ்வோர் இடத்துக்குச் சரி. வீட்டைச் சுற்றி ஒரே பொருளைப் பாவுவதுதான் தப்பு. கார் நிற்கிற இடத்துக்கு மெஷினில் அழுத்திய 60 மி.மீ. பேவர் பிளாக் (மின்னுகிற ரகம் வேண்டாம்), கோல வாசலுக்குக் கல், புறவாசலுக்குக் கான்கிரீட், முடுக்குக்கு எப்போது வேண்டுமானாலும் கையால் பெயர்த்து எடுக்கிற மாதிரி ஏதாவது. ஆனால் உங்கள் மனையில் மேலே என்ன போடுகிறீர்கள் என்பதைவிடக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் பத்து வருஷம் கழித்துத் தளம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அதனால் மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சித்திரை, வைகாசியில் உங்கள் மனையில் விரல் நுழைகிற வெடிப்பு விட்டிருக்கும். ஐப்பசி மழைக்கு அது மூடிக்கொள்ளும். இந்த ஏற்ற இறக்கம் மனை முழுக்க ஒரே மாதிரி நடந்தால் தளம் மொத்தமாக ஏறி மொத்தமாக இறங்கும், பெரிய கேடு இல்லை. நடப்பது அப்படியில்லை. தளத்தின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் தங்கும். ஓரங்கள் மட்டும் நனைந்து காயும். நடு உயர்ந்து ஓரம் தாழும், அல்லது மழைக்காலத்தில் ஓரம் தூக்கும். அந்த வளைவைக் கான்கிரீட் தாங்காது, கீறல் விடும். கம்பி வலை போட்டால் கீறல் மெலிதாக இருக்குமே தவிர விடாமல் இருக்காது. பேவர் பிளாக் கீறாது, மேடு பள்ளமாகும். பெயர்த்துச் சரிசெய்து அதே கல்லைத் திரும்பப் பாவலாம். கரிசலில் கார் நிற்கிற பெரிய பரப்புக்கு பிளாக்கைச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

கரிசலை அப்படியே வைத்து அதன் மேல் எதுவும் போடாதீர்கள். தளம் முடிகிற மட்டத்திலிருந்து கீழே கணக்கிட்டால் பிளாக்கும் மணலும் சேர்ந்து மூன்றரை இஞ்சு, அதற்குக் கீழே ஜல்லியும் கிரஷர் பொடியும் சேர்ந்த ஜல்லிக் கலவை 6 இஞ்சு, அதற்கும் கீழே சரள் 10 இஞ்சு. ஆக 19, 20 இஞ்சு ஆழத்துக்கு உங்கள் பழைய மண் இருக்கக் கூடாது. முற்றத்தை எப்படியும் கொஞ்சம் உயர்த்தப் போகிறீர்கள் என்றால் தோண்டுவது அந்த அளவுக்குக் குறையும்.

இங்கே பலர் செய்கிற ஒரு தவறு உண்டு. கரிசலை வெட்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் மணலையோ குவாரிப் பொடியையோ கொட்டுவார்கள். மணல் உப்பாது என்பது உண்மைதான். ஆனால் கரிசல் குழிக்குள் மணலைக் கொட்டினால் அது தண்ணீர்த் தொட்டி. மேலே இறங்குகிற மழை அத்தனையும் அதில் நின்று, அடியில் உள்ள கரிசலை மாதக் கணக்கில் ஊறவைக்கும். ஆகவே செஞ்சரள் போடுங்கள், களியும் கல்லும் கலந்து, அழுத்தினால் கெட்டியாக இறுகுகிற சரள். 6 இஞ்சுக்கு மேற்படாத அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக அழுத்த வேண்டும். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் இடித்தால் மேல் நாலு இஞ்சுதான் இறுகியிருக்கும்.

குழியின் அடி கோடையில் வெடித்துக் கிடந்தால் சரள் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் தெளித்து வெடிப்பை மூடவிடுங்கள். காய்ந்து கிடக்கிற கரிசல் மேல் தளம் போட்டால் முதல் மழையிலேயே முழு வீக்கமும் தளத்தின் மேல்தான் வரும். அதே சமயம் சேறாகவும் ஆக்கிவிடக் கூடாது.

மற்ற மண்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர் வழியில் செம்மண் மனை என்றால் மேல் மண் ஒரு 6 இஞ்சு எடுத்துவிட்டு 4 இஞ்சு ஜல்லிக் கலவை போதும், சரள் அடுக்கே தேவையில்லை. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் தேரி மணல் நன்றாகத் தண்ணீர் வடிக்கும். ஆனால் ஓரத்தில் தடுப்பு இல்லாவிட்டால் பக்கவாட்டில் நழுவும், ஆகவே அங்கே ஓரக் கட்டுதான் முக்கியம். வயலைத் தூர்த்துப் போட்ட மனைகள் எல்லா ஊரிலும் வந்துவிட்டன. அந்த மண் உட்கார ஒரு மழைக்காலமாவது விட்டுவிட்டுத் தளம் போடுவதுதான் புத்தி. அவசரம் என்றால் அங்கே பிளாக்கைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டாம்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. கல்லைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியாவது இதற்குக் கொடுக்க வேண்டும். முற்றம் முடிகிற மட்டம் வீட்டுத் தரை மட்டத்துக்கு 6 இஞ்சாவது கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் சுவர் ஈரம் குடிக்கும், பெருமழைக்குத் தார்சாவுக்குள் (வீட்டு முன்கட்டுக்குள்) தண்ணீர் வரும். பிளாக்கோ சொரசொரப்பான கல்லோ என்றால் 50க்கு 1 வாட்டம். உங்கள் 20 அடிக்கு அது கிட்டத்தட்ட 5 இஞ்சு. கேட்பதற்கு அதிகமாகத் தெரியும், பார்வைக்குத் தெரியாது. 'ரெண்டு இஞ்சு போதும் அண்ணாச்சி, கார் சாஞ்சு நிக்கும்' என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். பிளாக் தளம் கொஞ்சம் உட்கார்ந்தாலும் தண்ணீர் ஓட வேண்டுமானால் அந்த 5 இஞ்சு வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு என்று ஒரு கணக்குப் பாருங்கள். 600 சதுர அடி முற்றத்தில் ஒரு நாளைக்கு 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 5,500 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடித் தண்ணீரும் அங்கேயே விழுந்தால் அது இன்னொரு 9,300 லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் 10 செ.மீ. நம் சீமையில் அதிசயமில்லை. (2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, அதற்கெல்லாம் எந்த முற்றமும் ஈடு கொடுக்காது, அது வேறு கதை.) மாடிக் குழாய்த் தண்ணீரைத் தளத்தின் மேல் விடாதீர்கள், குழாயிலேயே கொண்டுபோய்விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் உறிஞ்சு குழி எப்படியும் வைப்பீர்கள். கரிசல் மனையில் அதைச் சுவரிலிருந்தும் தளத்திலிருந்தும் 10 அடி தள்ளி, தாழ்வான மூலையில் வையுங்கள். சுவரோரம் வைத்தால் வீட்டு அஸ்திவார மண்ணை நீங்களே ஊறவைக்கிறீர்கள். சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி கட்டி தினமும் தண்ணீர் விடுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

இன்னொன்று, தெரு மட்டம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு ஏறிக்கொண்டே போகும். இன்றைக்குத் தெருவுக்குச் சரியாக வாட்டம் எடுத்தால் அடுத்த ரோட்டுக்கு உங்கள் முற்றம் குளம். கேட் அடியில் இரும்புச் சட்டம் போட்ட குறுக்கு வாய்க்கால் ஒன்று, அதிலிருந்து குழிக்கு ஒரு 4 இஞ்சுக் குழாய் என்று வைத்துவிட்டால் தெரு எப்படிப் போனாலும் கவலையில்லை.

வாட்டத்தைக் குழியின் அடியிலேயே கொண்டுவர வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்து மட்டம் பார்த்து, நாலு மூலையிலும் முளை அடித்து, நூல் கட்டி, நூலிலிருந்து கீழே ஒரே அளவாக அளந்து தோண்ட வேண்டும். அடியை மட்டமாக வைத்துவிட்டு மேல் மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொண்டுவருவதுதான் ஊரில் நடக்கிற வழக்கம். மணல் 3 இஞ்சு இருக்கிற இடம் உட்காரும், 1 இஞ்சு இருக்கிற இடம் உட்காராது. ஆறு மாதத்தில் அலை அலையாகத் தெரியும்.

இனி கார் நிற்கிற முற்றம். பேவர் பிளாக்குக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 15658. அதன்படி ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் 50 மி.மீ. கனம், எம் 30 (எம் என்பது கான்கிரீட்டின் பலத்தைச் சொல்கிற எண், கூடக் கூடப் பலம்). கார் போகிற இடத்துக்கு 60 மி.மீ., எம் 35. வீட்டுக்குள் தண்ணீர் லாரியோ டிராக்டரோ செப்டிக் டேங்க் வண்டியோ வரும் என்றால் 80 மி.மீ., எம் 40. உங்களுக்கு 60 போதும். நீர் உறிஞ்சுவது சராசரி 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

கடையில் இரண்டு ரகம் இருக்கும். ஒன்று ரப்பர் அச்சில் ஊற்றி எடுப்பது, முகம் கண்ணாடி மாதிரி மின்னும், நிறம் கண்ணைப் பறிக்கும். மற்றது மெஷினில் அழுத்தி எடுப்பது, முகம் சொரசொரப்பு, பார்வைக்குச் சாதாரணம். வாங்க வேண்டியது இரண்டாவது. மின்னுகிற ரகம் ஈரத்தில் வழுக்கும். மேலே ஒரு கலர்க் கலவையும் கீழே மட்டமான கலவையும் இரண்டு தடவையாக ஊற்றியிருந்தால், சக்கரம் திரும்புகிற இடத்தில் மேல் பூச்சு அப்பளம் மாதிரி உரியும்.

சர்டிபிகேட் கேளுங்கள், கேட்டுவிட்டு நீங்களும் சோதியுங்கள். 200க்கு 100 மி.மீ. செங்கல் வடிவ 60 மி.மீ. பிளாக் ஒன்றை, நன்றாகக் காய்ந்ததாக, சமையலறைத் தராசில் வையுங்கள். ஒழுங்காக அழுத்திய கல் 2.7 முதல் 2.9 கிலோ வரும். இரண்டரைக்குக் கீழே வந்தால் உள்ளே பொக்கு. அதே கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, எடுத்து, துணியால் துடைத்து மறுபடி நிறுங்கள். 2,800 கிராம் கல் 170 கிராமுக்கு மேல் குடித்திருந்தால் அந்த லோடு வேண்டாம். லேபில் செய்கிற மாதிரித் துல்லியமாக இருக்காது, மோசமான கல்லைக் கழிக்க இது போதும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சாவியால் கீறினால் பொடி உதிரக் கூடாது. மேலே அடுக்கியிருக்கிற கல்லை எடுக்காதீர்கள், அடுக்கின் நடுவிலிருந்து உருவுங்கள். வார்த்து நாலு நாள் ஆன கல்லை லாரியில் ஏற்றிவிடுவதும் உண்டு. குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் 28 நாள் ஆன கல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

நிறம் என்றால், வெளிர் சாம்பல். மே மாத வெயிலில் செருப்பில்லாமல் கேட் திறக்கப் போகிறவர்களுக்கு இது தெரியும். கோயில் பிரகாரத்தில் தேங்காய்நார் விரிப்பு ஏன் போடுகிறார்கள்? அதேதான். கறுப்பும் கருஞ்சிவப்பும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி வரை விடும்.

உங்கள் முற்றத்துக்கு அளவு பார்ப்போம். 600 சதுர அடியில் கோல வாசலுக்கு 8க்கு 5 அடி விட்டால் மீதி 560 சதுர அடி, அதாவது 52 சதுர மீட்டர். செங்கல் வடிவக் கல் சதுர மீட்டருக்கு 50. ஆக 2,600, வெட்டுச் சேதாரம் 5 சதவீதம் சேர்த்து 2,730. 2,750 வாங்குங்கள். எடை ஏழரை டன்னைத் தாண்டும், எந்த வண்டி உங்கள் தெருவுக்குள் வரும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சரள் 10 இஞ்சுக்கு இறுகிய அளவு 467 கன அடி. கொட்டும்போது நாலில் ஒரு பங்கு கூட வேண்டும், ஆக 6 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஜல்லிக் கலவை 6 இஞ்சுக்கு 280 கன அடி, இறுகுவதற்குச் சேர்த்து 3.6 யூனிட். அடிமணல் 30 மி.மீ.க்கு 70 கன அடி, சந்து நிரப்ப இன்னொரு 5 கன அடி. முக்கால் யூனிட் மணலில் முடிந்துவிடும்.

ஜல்லிக் கலவை என்பது வெறும் 40 மி.மீ. ஜல்லி இல்லை. பெரிய ஜல்லி, சிறிய ஜல்லி, கிரஷர் பொடி மூன்றும் கலந்தது. ரோடு போடுகிறவர்கள் வெட் மிக்ஸ் என்பார்கள். வெறும் ஜல்லியாகப் போட்டால் மேல் மணல் மெல்ல மெல்ல அதன் இடுக்குகளில் இறங்கி, பிளாக்கும் கூடவே இறங்கும். மூன்று மூன்று இஞ்சாக இரண்டு அடுக்கு போட்டு, வாடகைக்குக் கிடைக்கிற பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து அழுத்துகிற மெஷின்) அடுக்குக்கு நாலைந்து ஓட்டம் கொடுங்கள். கையால் இடிக்கிற திமிசுக்கட்டை முடுக்குக்குப் போதும், கார் நிற்கிற இடத்துக்குப் போதாது. 'திமிசு போட்டாச்சு' என்று சொன்ன பிறகு உங்கள் காரையே நாலு பேரை ஏற்றி அந்த ஜல்லித் தளத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சக்கரத் தடம் பதிந்தால் வேலை முடியவில்லை. தளம் முடிந்த பிறகு கார்ச் சக்கரம் நிற்கிற இரண்டு வரிசையிலும் குழி விழுகிறதே, அந்தக் குழி இந்த நாளில் விட்டுவைத்ததுதான். மணலையோ கல்லையோ குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஓரக் கட்டு: காம்பவுண்டுச் சுவர் இருக்கிற பக்கம் சுவரே தடுப்பு. கேட் பக்கமும் செடிப் பக்கமும் 4 இஞ்சு அகலம், 8 இஞ்சு ஆழத்தில் கான்கிரீட் கட்டு. இது மணல் பரப்புவதற்கு முன்னால் போட்டு இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் கற்கள் ஒரு நூல் நகரும். வருஷம் முடியுமுன் சந்து விரிந்து கல் ஆடும்.

மணல் என்றால் சலித்த எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்), மாவு இல்லாமல். பூச்சுக்கு வாங்குகிற பி சாண்டோ கிரஷர் மாவோ வேண்டாம். மாவு தண்ணீரைப் பிடித்துவைத்துக் கூழாகி, கார் ஏறும்போது சந்து வழியாகப் பீச்சும். கையில் ஈரமாக எடுத்துப் பிடித்து விடுங்கள். உள்ளங்கையில் வெள்ளைச் சேறு ஒட்டினால் மாவு அதிகம். ஒன்றேகால் இஞ்சுக் குழாய் இரண்டைத் தண்டவாளம் மாதிரிப் படுக்கவைத்து, மேலே மட்டப்பலகையை இழுத்து மணலைச் சமன்செய்து, குழாயை எடுத்த பள்ளத்தையும் நிரப்புங்கள். அதன் பிறகு அந்த மணலில் கால் படக் கூடாது. பாவிய கல்லின் மேல் நின்றபடியே முன்னோக்கிப் பாவிக்கொண்டு போக வேண்டும்.

கற்களைச் செங்கல் சுவர் மாதிரி நேர் வரிசையாக அடுக்காமல், ஒன்று நெடுக்காக ஒன்று குறுக்காக, 'எல்' எழுத்து மாதிரி மாற்றி மாற்றிப் பின்னுங்கள். சக்கரம் திருப்பும்போது கல் நகராமல் இருப்பது இந்தப் பின்னலால்தான். சந்து 2 முதல் 4 மி.மீ. ஓரத்தில் வெட்டிய துண்டு முழுக் கல்லில் மூன்றில் ஒன்றுக்குக் குறைந்தால் கழன்று வரும்; பக்கத்துக் கல்லையும் சேர்த்து வெட்டி இரண்டு அரைத் துண்டாக வையுங்கள். பாவி முடித்து, காம்பாக்டர் அடியில் ரப்பர்ப் பாயோ பழைய சாக்கோ கட்டி ஒரு ஓட்டம். பிறகு காய்ந்த நைஸ் மணலைக் கொட்டிப் பெருக்கி, மறுபடி ஓட்டம். இறங்கிய இடத்தில் மறுபடி மணல். முதல் மழைக்குப் பிறகு இன்னொரு தடவை.

சந்தில் சிமெண்டுப் பால் ஊற்றச் சொல்வார்கள், புல் முளைக்காது என்று. வேண்டாம். பிளாக் தளத்தின் பலமே ஒவ்வொரு கல்லும் மயிரிழை அசைந்து பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கொடுப்பதில்தான் இருக்கிறது. சிமெண்டு ஊற்றினால் அது கனம் குறைந்த, கம்பி இல்லாத கான்கிரீட் ஆகிவிடும். கீறும், கீறிய பிறகு ஒரு கல்லைக்கூட முழுசாகப் பெயர்க்க முடியாது. பிளாக் போட்டதன் பிரயோசனமே போச்சு. புல் கீழிருந்து வருவதும் இல்லை. காற்றில் வந்து சந்தில் தங்குகிற தூசியில்தான் விதை முளைக்கிறது. அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தாலும் முளைக்கும், கூடவே தண்ணீரும் நிற்கும். வாரம் ஒரு முறை பெருக்கினால் பாதி குறையும்.

முதல் சில மாதம் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுப் பட்டுப் படிவது அது. மழையிலும் துடைப்பிலும் போய்விடும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் உப்போடு கல்லின் முகமும் போகும்.

கோல வாசலுக்கு வருகிறேன். பிளாக்கின் மேல் கோலம் போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள்: இழை ஒவ்வொரு சந்திலும் விழுந்து உடையும், சொரசொரப்பில் கோலமாவு கழுவினாலும் போகாது. மார்கழி முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போடுகிற ஊரில் இந்த 40 சதுர அடி தனிக் கணக்கு. இங்கே அப்பா சொல்வது சரி, பெரிய பலகையாகக் கல் வேண்டும். கடப்பாவும் ஆகும், கிரானைட்டும் ஆகும், இரண்டும் ஒன்றில்லை.

கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், மங்கல் தடம் விழும். பாத்ரூம் ஆசிட் பட்டால் நுரைக்கும். கோட்டாக் கல்லும் தாண்டூர்க் கல்லும் இதே சாதிதான். கிரானைட்டில் எலுமிச்சை ஒன்றும் செய்யாது. கடப்பா வாங்கினால் வெளியிடத்துக்கு ஒன்றரை இஞ்சு கனம், பாலிஷ் போடாதது. பலகையின் ஓரத்தைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள், புத்தகத் தாள் மாதிரி அடுக்குக் கோடு தெரிந்தால் ஒன்றிரண்டு கோடையில் ஏடு ஏடாகப் பெயரும். சுத்தியல் பிடியால் தட்டினால் மணி மாதிரி ஓசை வர வேண்டும், 'பொத்'தென்று கேட்டால் உள்ளே பிளவு. கையில் பணம் இருந்தால் சாம்பல் நிறக் கிரானைட், நெருப்பு வாட்டிச் சொரசொரப்பாக்கியதைவிட லெதர் பினிஷ் (தோல் மாதிரி லேசான மேடுபள்ளம் உள்ளது) வாங்குங்கள்; மாவு நிற்கவும் செய்யும், கழுவினால் போகவும் செய்யும். கண்ணாடிப் பாலிஷ் கிரானைட்டை வெளி வாசலில் போடவே போடாதீர்கள், முக்கியமாகப் படியில். சாணி தெளித்த ஈரத்தில் வயசானவர்கள் கால் வைக்கிற இடம் அது.

கல்லுக்கு அடியில் 3 இஞ்சு கான்கிரீட் படுக்கை, வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் அரை இஞ்சு தெர்மாகோல் இடைவெளி. அதன் மேல் 1:5 கலவை (சிமெண்ட் ஒன்று, மணல் ஐந்து) முழுப் பரப்புக்கும் பரப்பி, கல்லின் முதுகில் சிமெண்டுப் பால் தடவிப் பதிக்க வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து மேலே கல்லை அமர்த்துவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். நடுவில் வெற்றிடம் இருக்கிற கல், சிலிண்டரை இறக்கி வைக்கிற அன்றைக்கு உடையும். மறுநாள் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் கேளுங்கள், குடம் மாதிரி ஒலிக்கிற கல்லைக் கலவை முழுசாக இறுகுமுன் பெயர்த்து மறுபடி பதிக்கச் சொல்லலாம்.

முடுக்கில் செப்டிக் குழாய், தண்ணீர்க் குழாய், எர்த் கம்பி எல்லாம் ஓடும். அதன் மேல் கான்கிரீட் போட்டவர்கள் எல்லோரும் ஒரு நாள் உடைக்கிறார்கள். 50 மி.மீ. பிளாக்கை 3 இஞ்சு ஜல்லிக் கலவை, மணல் மேல் பாவினால் போதும். இன்னும் சிக்கனம் வேண்டுமானால் மண்ணும் ஜல்லியும் கலக்காமல் தடுக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, 20 மி.மீ. ஜல்லி 2 இஞ்சுக்கு (120 சதுர அடிக்கு 20 கன அடி), நடக்க இரண்டடிக்கு ஒரு கடப்பாத் துண்டு. ஆனால் உங்களுடையது கரிசல், சுவரோரம் தண்ணீர் இறங்கக் கூடாது. ஆகவே உங்களுக்கு முதலாவதுதான், சுவரிலிருந்து வெளிப்புறமாக வாட்டம் வைத்து.

புறவாசலில் கொத்தனார் சொல்கிற கான்கிரீட்டே சரி. சோப்புத் தண்ணீர் தினமும் ஓடுகிற இடத்தில் பிளாக்கின் சந்து மணல் நிற்காது, கடப்பா வழுக்கும். 100 சதுர அடிக்கு 4 இஞ்சு கனம், 1:1½:3 கலவை: சிமெண்ட் 8 மூட்டை, எம் சாண்ட் 15 கன அடி, 20 மி.மீ. ஜல்லி 28 முதல் 30 கன அடி. மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடாதீர்கள். தளர்வாக ஊற்றினால் வேலை சுளுவாக முடியும், மேலே பால் மிதந்து பிறகு பொடியாக உதிரும். செம்மண்ணில் 10க்கு 10 அடியை ஒரே பலகையாகப் போடலாம். கரிசலில் குறுக்கும் நெடுக்கும் நடுவில் பிரித்து 5 அடிச் சதுரம் நாலாகப் போடுங்கள். கீறுவது கீறட்டும், நாம் சொன்ன கோட்டில் கீறட்டும். இறுகத் தொடங்கும்போது மரக்கட்டையால் தேய்த்துவிட்டு, தென்னை ஈர்க்கு வாரியலை வாட்டத்தின் போக்கில் லேசாக இழுத்தால் வழுக்காது, தண்ணீரும் நிற்காது. சிமெண்ட் தூவிக் கண்ணாடி மாதிரி மெழுகுவது இங்கே வேண்டாம். மறுநாளே பாத்தி கட்டி 10 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். போர்த் தண்ணீர் உப்பு என்றால் கலவைக்கும் நீர் கட்டுவதற்கும் நல்ல தண்ணீர் வாங்குவது வீண் செலவில்லை. கடலோரத்துக்காரர்கள், உவரி, கூடங்குளம் பக்கம், நடைத்தளக் கான்கிரீட்டில் கம்பி வலையே போடாமல் சிறு சிறு பலகையாகப் பிரிப்பது நல்லது. மெல்லிய தளத்தில் கம்பி துருப்பிடித்து வீங்கி அதுவே உடைக்கும்.

தென்காசி, அம்பாசமுத்திரம் வழியில் சாரல் அடிக்கிற ஊர்களுக்கு இந்தப் பதில் கொஞ்சம் மாறும். அங்கே எதிரி வெயிலைவிடப் பாசி. நிழல் பக்கத்தில் மழமழப்பான எதுவும் வேண்டாம், வாட்டத்தைக் கூட்டுங்கள், மாதம் ஒரு முறை வெறும் பிரஷ்ஷால் தேயுங்கள். பிரஷர் பம்பை பிளாக் தளத்தின் மேல் அடித்தால் பாசியோடு சந்து மணலும் போகும், திரும்ப நிரப்ப மறந்துவிடுவார்கள்.

முற்றத்து வேம்பைச் சுற்றி மூன்றடியாவது மண்ணாகவே விடுங்கள். அடிமரம் வரை பாவினால் வேர் தூக்கும், மரமும் வாடும்.

ரேட் பேசும்போது 'சதுர அடிக்கு எவ்வளவு' என்று மட்டும் கேட்காதீர்கள். தோண்டுவது, தோண்டிய மண்ணை அப்புறப்படுத்துவது, சரள், ஜல்லிக் கலவை, காம்பாக்டர் வாடகை, ஓரக் கட்டு, கல் வெட்டுவது, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எதெல்லாம் அதற்குள் வருகிறது என்று தாளில் எழுதி வாங்குங்கள். ஒருவர் ரேட் மற்றவரைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் ஜல்லிக் கலவையும் காம்பாக்டரும்தான் காணாமல் போயிருக்கும். கல் எப்படியும் கண்ணுக்குத் தெரிகிற பொருள், அதில் யாரும் குறைக்க மாட்டார்கள். புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று மழையிலேயே குடையோடு போய்ப் பார்த்து சாக்பீஸால் வட்டம் போடுங்கள். தை பிறந்ததும் அந்த வட்டத்தை மட்டும் பெயர்த்து, அடி மணலைச் சரிசெய்து, அதே கற்களைத் திருப்பிப் பாவலாம், ஒரு கொத்தனாருக்கும் ஒரு கையாளுக்கும் அரை நாள் வேலை. அதற்காகத்தான் 2,730க்கு மேல் 20 கல் கூட வாங்கச் சொன்னேன். புறவாசலில் வெயில் படுகிற இடத்தில் அடுக்கி வையுங்கள், நிழலில் வைத்தால் இரண்டு வருஷம் கழித்துப் பாவும்போது புதுக்கல் மட்டும் தனியாகத் தெரியும்.